வெள்ளை மட்டும் முதலில் காயும்

கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள், வண்ணத்தைவிட அது அடைத்து வரும் டப்பாவைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொள்வார்கள். வெளியாட்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். என் கணவருக்கும் இருந்தது. "பெயிண்ட்டுன்னா பெயிண்ட்டு. டப்பாவுல என்ன இருக்கு?" என்பார். திண்டுக்கல்லில் ஒரு கோடைக்காலம் முழுக்க மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, குன்றிமணி அளவு முகத்தில் கண் வரைந்து பார்த்தால் என்ன இருக்கிறது என்று தெரியும். தூரிகையைத் தொட்டு எடுப்பதற்குள் டப்பாவின் விளிம்பில் பாலில் படிவது போல ஆடை படிந்துவிடும். மறுநாள் மூடி சரியாக உட்காராது. மூடி உட்காராவிட்டால் காற்று போகும். ஒரு வாரத்தில் உள்ளே இருப்பது ரப்பர். எல்லா நிறத்துக்கும் இது நடக்கும் என்றாலும் வெள்ளைக்குத்தான் முதலில் நடக்கும். எல்லாவற்றிலும் கலப்பது வெள்ளையைத்தான், அதனால் அடிக்கடி திறப்பதும் அதைத்தான்.

அந்த வெள்ளைப் பெயிண்ட் ஒரு நாள் என் மகளின் வாய்க்குள் போனது. அப்போது அவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. பெயிண்டை மருந்து பாட்டிலில் ஊற்றி வைத்தவள் நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஊற்றவில்லை. ஊற்றியவருக்கு அது தெரியும். அவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளை உண்டானதும், படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். என் வகுப்புகள் எல்லாம் மாடியில். வேலையை விட்டேன். அந்த டிசம்பரில் எங்கள் கோயிலுக்கு வெளியே கிறிஸ்மஸ் குடில் சாமான் விற்கும் கடையில், வண்ணம் பூசாத சின்னச் சின்னப் பொம்மைகளைப் பார்த்தேன். இடையன், ஆடு, ஒட்டகம், தலையில் குடத்தோடு ஒரு பெண். எங்கள் வீட்டுக் குடிலில் இருக்கும் மாதாவுக்குக் கண் இரண்டும் கன்னத்தில் இறங்கியிருக்கும். சூசையப்பரின் உதட்டுச் சிவப்பு தாடிக்குள் ஓடியிருக்கும். அதைச் சின்ன வயதில் என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன், கல்யாணமாகி வந்த வீட்டிலும் பார்க்கிறேன். இதைவிட நன்றாக என்னால் முடியுமே என்று தோன்றியது. ஒரு ஆட்டையும் ஒரு இடையனையும் வாங்கி வந்தேன்.

பிறகு செல்போனில் தேடினால், இதற்கென்றே ஒரு உலகம் இருந்தது. சிப்பாய், பீரங்கி, பறக்கும் பாம்பு என்று சுண்டுவிரல் நீளப் பொம்மைகளுக்கு மாதக்கணக்கில் வண்ணம் பூசுகிறவர்கள். தமிழ் ஆட்கள் சேர்ந்த ஒரு குழுவும் இருந்தது. பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கல்யாணமாகாத பையன்கள். அவர்களுக்கு நடுவே நான் ஆட்டுக்குட்டி படம் போட்டேன். ஒருவரும் கேலி செய்யவில்லை. "அக்கா, பெயிண்ட்டைப் பால் பதத்துக்குக் கரைங்க" என்றார்கள். கெட்டியாகப் பூசினால் மூக்கும் வாயும் மூழ்கிவிடும், பால் மாதிரி கரைத்து இரண்டு மூன்று பூச்சு கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் முதல் பாடம்.

பெயிண்டிலும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் போஸ்டர் கலர் காய்ந்தபின் அழகாக இருக்கும், ஈரக்கை பட்டால் மறுபடி கரைந்து வந்துவிடும். புடவையில் பூ வரைய விற்கும் ஃபேப்ரிக் கலர் எத்தனை நாள் ஆனாலும் லேசாகப் பிசுபிசுக்கும். இரண்டு ஆடுகளைப் பக்கத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். எனாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் டர்பன்டைன் வாடைக்கு எனக்கு வாந்தி வந்தது. கடைசியில் நின்றது தண்ணீரில் கரையும் அக்ரிலிக். அதிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கான மலிவு செட்டில் நிறத்துகள் பொடிப்பொடியாகத் தெரியும். பொம்மைகளுக்கென்றே செய்வது இணையத்தில்தான் வரும், விலையும் அப்படி. அதை நான் வெள்ளைக்கும் கறுப்புக்கும் தோல் நிறத்துக்கும் மட்டும் வாங்கினேன்.

மகள் பிறந்தபின் இதே சாமான்களை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். நிறம் எப்படி என்று பார்த்தவள், வாயில் போனால் என்ன ஆகும் என்று பார்த்தேன். ஒவ்வொரு டப்பாவின் பின்னாலும் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தேன். காட்மியம் என்று இருந்த மஞ்சளையும் சிவப்பையும் அன்றைக்கே வெளியே போட்டேன். மூக்கு வைத்த சொட்டு பாட்டில்தான் பெயிண்ட் காயாமல் இருக்க நல்லது என்று குழுவில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதைக் கலக்குவதற்கு உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டு போட்டிருப்பார்கள். குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். பாப்பா தவழ்ந்து வந்து கை நீட்டுவாள். அந்தக் குண்டு தொண்டையில் மாட்டுவதுபோல எனக்குக் கனவே வந்தது. அந்த பாட்டிலின் மூக்கு அடைத்துக்கொண்டால் குண்டூசியால் குத்த வேண்டும். குண்டூசி தரையில் விழுந்தால்? ஆகவே எனக்குக் குட்டி டப்பாவே போதும் என்று முடிவு செய்தேன். காய்ந்தால் காயட்டும். வரையும் சாமான்களையும் அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றி, நின்றுகொண்டு வரைந்தேன். பாப்பா தூங்கும்போது மட்டும்.

நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் கருத்து. இருக்கலாம். இட்லியைக்கூட மூன்று தடவை பிசைந்து கட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊட்டுவேன். மாமியார் என்னைப் பார்த்து, "ஏத்தா, நாங்கள்லாம் புள்ள வளக்கலையா? இம்புட்டுப் பயந்தா அதுக்கு எப்படித்தா தைரியம் வரும்?" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

இரண்டாவது வருடம், கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன்பே என் குடில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. குடம் சுமந்த பெண்ணின் குடத்தைப் பூக்கூடை ஆக்கி, உள்ளே மல்லிகை வைத்தேன். இடையனுக்குக் கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. மாதாவுக்குச் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை கட்டிவிட்டேன். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். நிஜச் சுங்குடியில் துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள், முடிச்சுக்குள் சாயம் போகாத இடம் புள்ளியாக நிற்கும். அதனால் எந்தப் புள்ளியும் சரியான வட்டமாக இருக்காது. அந்தக் கோணலைத்தான் நான் பிடிக்கப் பார்த்தேன். ஊசி முனைத் தூரிகையில் வெள்ளை சரியான பதத்தில் இருந்தால்தான் வரும். டப்பா வெள்ளையோ பாதி புள்ளிக்குள் இழுபட ஆரம்பித்துவிட்டது.

குழுவில் கேட்டேன். ஒரு பையன் எழுதினான்: "அக்கா, காசு போட்டு பாட்டில் வாங்காதீங்க. குழந்தைங்க சொட்டு மருந்து பாட்டில் காலியானா அதைக் கழுவி ஊத்தி வைங்க. மூடியிலயே சொட்டுக்குழாய் இருக்கும், அடைக்காது. நாங்கள்லாம் அக்கா பசங்களோட பாட்டிலைத்தான் சுடுறோம்." பலபேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான், "வீட்டில் குழந்தை இருக்கிறது, மருந்து பாட்டில் வேண்டாம்" என்று பதில் போட்டேன். சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வந்தன.

இதை அன்று சாயங்காலம் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். காலையில் மில் பஸ், இருட்டுகிறபோது திரும்புவார். காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு முறுக்கு கடித்தபடி கேட்டார்.

"நல்ல ஐடியாதானே? நம்ம பாப்பா பாட்டில் ஒண்ணு காலியாயிருச்சுல்ல?"

"வேணாங்க. அது மருந்து பாட்டிலு. யாராவது மாத்திக் குடுத்துட்டா?"

"யாரு மாத்திக் குடுக்கப்போறா? நீ ஒருத்தி, எங்கம்மா ஒருத்தி. ரெண்டு பேரும் பாப்பாவ விட்டு இமை கொட்டுறதில்ல."

"வேணாம்னா வேணாம்."

"சரிம்மா தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் சிரித்தேன். இந்தப் பேச்சு நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்ததும், அதை நான் கிள்ளி எடுத்ததும் நினைவிருக்கிறது. பின்னால் பல தடவை இதை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அவருக்கு அந்தப் பையன் சொன்னது தங்கிவிட்டது, நான் சொன்னது தங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்துத் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டம். நானும் மாமியாரும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். வீட்டில் அவர் மட்டும். என் வெள்ளை டப்பா கெட்டிப்பட்டு வருவதைப் பார்த்திருக்கிறார். எனக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அதில் தண்ணீர் விட்டு, குச்சியால் கிண்டி, நான் சொன்ன பால் பதத்துக்கே கொண்டுவந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சொட்டு மருந்து பாட்டிலில் ஊற்றி மூடியிருக்கிறார். வயிற்றுப் பொருமலுக்குக் கொடுக்கிற மருந்து அது. அதுவும் வெள்ளைதான், பால் மாதிரி. மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழிக்கவில்லை. பாட்டிலை என் தூரிகைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். நாங்கள் வரும்போது அவருடைய சிநேகிதர்கள் வந்திருந்தார்கள், டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் மறந்தார். நான் அந்தத் தட்டுப் பக்கம் போகவில்லை. மாமியார் போனார். பிள்ளையின் மருந்து பெயிண்டுக்கு நடுவில் கிடக்கிறதே என்று எடுத்து, துடைத்து, மருந்து டப்பாவில் பத்திரமாக வைத்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை அவர் மில் பஸ் ஏறிப் போய்விட்டார். நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா உள்ளே சிணுங்குவது கேட்டது. பாப்பா எதற்கு அழுதாலும் வயிற்றுப் பொருமல் என்பது மாமியாரின் முடிவு. "செத்த நேரம் இரு கண்ணு, அப்பத்தா மருந்து தாரேன்" என்ற குரலும் கேட்டது. நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

பிறகு, "ஏத்தா, இங்க வா! என்னமோ மாதிரி துப்புறா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாப்பா முகத்தைச் சுளித்து நாக்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். உதட்டிலும் மோவாயிலும் வெள்ளை. புடவைத் தலைப்பால் துடைத்தேன். மருந்தாக இருந்தால் ஒரு துடைப்பில் போயிருக்கும். இது உதட்டோரத்தில் தோலாகக் காய ஆரம்பித்திருந்தது. பாட்டிலை வாங்கி மோந்தேன். அந்த மருந்தில் சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். இதில் சோம்பு இல்லை. இதில் இருந்த வாடையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அத்தே, இது பெயிண்ட்டு."

அவர் கையிலிருந்த மூடி கீழே விழுந்தது. "மாதாவே" என்றார். 

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைங்க" என்றார். கூடாது என்று தடுத்தேன். ஈரத்துணியால் நாக்கையும் ஈறையும் துடைத்தேன். தாய்ப்பால் கொடுத்தேன், குடித்தாள். ஆட்டோ வருவதற்குள் கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, அந்த வெள்ளைப் பெயிண்ட்டு மருந்து பாட்டில்ல எப்படி வந்துச்சு?"

"பாத்துட்டியா? நாந்தான் ஊத்துனேன். நேத்தே சொல்லணும்னு நெனச்சேன். பதம் எப்படி, கரெக்டா இருக்கா?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"பாப்பா குடிச்சுட்டா" என்றேன்.

மில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு போன் துண்டானது.

ஆட்டோவில் மாமியார் அழுதுகொண்டே வந்தார். "என் கையால குடுத்தேனே, என் கையால குடுத்தேனே." நான் அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். உங்கள் மகன் ஊற்றினார் என்று சொல்ல என்ன நேரம் ஆகிவிடும்? ஆனால் அந்த நேரத்தில் யார் ஊற்றினார்கள் என்பது எனக்கு முக்கியமாகவே படவில்லை. பாப்பா மூச்சு விடுகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஆட்டோ ஹாரனைக் கேட்டுச் சிரித்தாள்.

குழந்தைகள் டாக்டரிடம் எங்கள் முறை வந்தபோது, யாரோ ஒருவரின் பைக்கில் ஏறிக் கணவரும் வந்து சேர்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. மூவரும் சேர்ந்தே உள்ளே போனோம்.

டாக்டர் பாப்பாவின் வாயைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். "என்ன பெயிண்ட்டு, என்ன கலந்திருக்கு, தெரியுமா?"

எனக்குத் தெரியும். பரீட்சைப் பதில் மாதிரி ஒப்பித்தேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக், டைட்டானியம் வெள்ளை, ஈயம் கிடையாது, காட்மியம் கிடையாது, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது, உள்ளே போனது சில சொட்டு, பெரும்பாலும் துப்பிவிட்டாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. பால் குடுங்க. வாந்தி, இருமல், மயக்கம் ஏதாவது இருந்தா உடனே தூக்கிட்டு வாங்க." பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "இவ்வளவு தெரிஞ்ச அம்மா, அதைக் கொண்டுபோய் மருந்து பாட்டில்ல ஊத்துவீங்களா?"

நான் என் கணவரைப் பார்த்தேன்.

அவர் பாப்பாவை எடை பார்க்கும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முள் பூஜ்யத்தில் நின்றிருந்தது. அதில் பார்க்க ஒன்றுமில்லை. மாமியாரும் டாக்டரும் என்னைப் பார்த்தார்கள். நான் காத்திருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார். இதோ சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"சார், சாயங்காலம் தூக்கிட்டு வரணுமா?" என்று கேட்டார்.

"தெரியாம நடந்துருச்சு சார்" என்றேன் நான். யார் என்று சொல்லாத வாக்கியம். பள்ளியில் பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டு என்னிடம் சொல்கிற வாக்கியம். அதைச் சொன்ன பிறகு அந்தக் குற்றம் என் பெயரில் பதிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரின் அழுகை கோபமாக மாறியது. அதுவும் நியாயம்தான். ஒரு பழைய அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து, டப்பாக்களை ஒவ்வொன்றாக அதில் போட்டார். நான் தடுக்கவில்லை. தட்டின் பின்மூலையில் கிடந்த தூரிகைகளை நானே எடுத்துக் கொடுத்தேன். பொம்மைகளுக்கு வந்தபோது அவருக்குக் கை தயங்கியது. மாதாவையும் சூசையப்பரையும் பாலன் இயேசுவையும் குப்பையில் போட முடியாது. இறக்கை வைத்த சம்மனசையும் போட முடியாது. மூன்று ராஜாக்களைச் சாக்கில் போட்டுவிட்டு, யோசித்து, மறுபடி வெளியே எடுத்தார். ஆட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆடு வேதத்துல இருக்குல்ல?"

"இருக்கு அத்தே."

ஆடு பிழைத்தது. இடையனும் பிழைத்தான். பூக்கூடைக்காரியைக் கையில் எடுத்து, "இவ யாரு?" என்றார்.

"பூக்காரி. நானாச் சேத்தது."

பூக்காரி சாக்குக்குள் போனாள். மறுநாள் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தபோது சாக்கும் போனது. அந்தக் கிறிஸ்மஸுக்குப் பழைய பொம்மைகளே குடிலில் ஏறின. புள்ளி பாதியில் நின்ற என் மாதா இன்னும் செருப்பு அட்டைப்பெட்டியில் இருக்கிறாள்.

அந்த வாரம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கணவர் பின்னால் வந்து நின்றார்.

"அம்மாட்ட சொல்லிர்றேன். செத்த பொறு. கோவம் தணியட்டும்."

"சரி" என்றேன்.

கிறிஸ்மஸ் முடிந்து ஒரு நாள் நானே கேட்டேன். "சொன்னீங்களா?"

"இப்பப் போயி எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு? பாப்பாவுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. அவுங்களே இப்பத்தான் சமாதானமா இருக்காக."

"என்கிட்ட சமாதானமா இல்லையே."

"நீ படிச்சவ. நீ புரிஞ்சுக்கலாம்ல?"

நான் புரிந்துகொள்ளத்தான் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர். ஆனால் அவருடைய அம்மாவின் முன்னால் அவர் இன்னும் தப்பே செய்யாத பிள்ளை. அந்தப் பெயரைக் காப்பாற்ற ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் பக்கத்தில் இருந்தேன், பெயிண்டும் என்னுடையது.

ஈஸ்டருக்குப் பிறகு வேடசந்தூரில் நாத்தனார் மகனுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. பூசை முடிந்து வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் பிரியாணி. ஆண்கள் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தயிர்ப் பச்சடி வைத்துக்கொண்டு வந்தேன். நாத்தனாரின் கணவர் என்னைப் பார்த்து, "என்ன தங்கச்சி, இந்த வருசம் குடிலுக்கு என்ன புதுசு? போன தடவ காட்டுன ஆடு உசுரோட இருந்துச்சே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஏறக்கட்டியாச்சு மச்சான். இவ பண்ண கூத்து ஒங்களுக்குத் தெரியாதா? பெயிண்ட்ட மருந்து பாட்டில்ல ஊத்தி வச்சுட்டா. எங்கம்மா அத எடுத்துப் பாப்பாவுக்கு ஊட்டி விட்டுருச்சு. பாப்பா வாயத் தொறந்தா வெள்ளையடிச்ச வீடு மாதிரி இருக்கு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. "பாப்பாவுக்குப் பொங்கலுக்கு வெள்ளையடிச்சுட்டீங்களா" என்று யாரோ கேட்டார்கள். மறுபடி சிரிப்பு. அவரும் சிரித்தார். அவர் முகத்தை நான் உற்றுப் பார்த்தேன். பொய் சொல்கிறவரின் முகமாக அது இல்லை. நடந்ததைச் சொல்கிறவரின் முகமாக இருந்தது.

"ஊத்துனது நீங்க" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு அடங்குகிற நேரத்தில் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது.

"யாரு, நானா?"

"நீங்கதான். நான் வேணாம்னு சொன்னேன். நான் அன்பியத்துக்குப் போயிருந்தப்ப ஊத்துனீங்க. போன்ல ஒங்க வாயாலயே சொன்னீங்க."

அவர் கையில் பிடித்த எலும்பைப் பார்த்தார். நாத்தனாரின் கணவர், "சரி சரி, பச்சடி இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. அவர் எழுந்துகூட வரவில்லை.

"யாரு ஊத்துனா என்னத்தா? வீட்டுக்குள்ள பெயிண்ட்டக் கொண்டாந்தது யாரு?"

சுற்றி இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். நியாயமான கேள்வியாக அவர்களுக்குப் பட்டது. எனக்கே ஒரு கணம் நியாயமாகப் பட்டது. பச்சடிக் கரண்டி என் கையில் நின்றது. அடுத்த இலைக்காரர் கையை நீட்டி, "எனக்கு வேணாம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் எனக்கு முந்தின சீட்டில் போய் உட்கார்ந்தார். திண்டுக்கல் வந்து இறங்கியபின், "நாலு பேருக்கு முன்னாடி சொல்லணுமா?" என்றார்.

"நாலு பேருக்கு முன்னாடிதானே நீங்களும் சொன்னீங்க?"

"நான் தமாசுக்குச் சொன்னேன்."

அன்றிலிருந்து நான் என்னையே சந்தேகப்படத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல ஒரு காட்சி உண்மையாகிவிடும் போலிருக்கிறது. இப்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால், பாட்டிலின் கழுத்தில் டப்பாவைச் சாய்க்கிற கை என் கையாகத் தெரிகிறது. என் வளையல்கூடத் தெரிகிறது. அவர் போனில் சொன்ன வார்த்தைகளை எடுத்து முன்னால் வைத்து, அந்தக் கையை நான் அழிக்க வேண்டியிருக்கிறது. அறிவியல் நடத்தியவள், கண்ணால் கண்டதை எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அதனால்தான் இதை எழுதியே வைக்கிறேன்.

போன வாரம் பாப்பாவுக்குச் சளி, காய்ச்சல். டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பை அவர்தான் மில்லிலிருந்து வரும் வழியில் வாங்கி வந்தார். விளக்கு வைத்த நேரம். அவர் நாற்காலியில், மாமியார் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில். எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது: எந்த மருந்தானாலும் முதல் சொட்டை நான் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பாப்பாவுக்குக் கொடுக்க வேண்டும். மாமியார் வைத்த சட்டம். கடையில் அப்போதுதான் வாங்கி, முத்திரை உடைக்காத பாட்டிலானாலும் சரி. நானும் மறுக்காமல் செய்துகொண்டிருந்தேன். அம்மா மருந்தைச் சரிபார்ப்பதில் என்ன தவறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அன்றைக்கும் மாமியார் மூடியைத் திருகி, அளவுக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார். "நாக்குல வச்சுப் பாரு."

நான் வாங்கினேன். ஆனால் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அப்படியே கணவர் பக்கம் நீட்டினேன்.

"இன்னைக்கு நீங்க வச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய அம்மாவைப் பார்த்தார். ஒரு வார்த்தைதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. அதுகூட வேண்டாம், கையை நீட்டி வாங்கிக்கொண்டாலே போதும், எனக்கு எல்லாம் தீர்ந்திருக்கும். அவர் கை நாற்காலிப் பிடியிலேயே இருந்தது. மாமியார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியாருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பந்தலில் நான் சொல்வதற்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த முதல் நாளே, டாக்டர் அறையிலேயே தெரிந்திருக்கும். தன் பிள்ளை எடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

மாமியார் கையை நீட்டி, கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கினார். தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தார்.

"இனிப்பாத்தான் இருக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மீதியைப் பாப்பாவின் வாயில் ஊற்றினார். அவள் விழுங்குகிற வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.